நூல் சுற்றிய கியூ

"அக்கா, மாமாவுக்குக் கைநடுக்கம் ஏதாவது வந்திருக்கா?"

சமையலறை வாசலில் நின்று மெதுவாகத்தான் கேட்டான் தம்பி. அக்கா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஏன்டா? காலைலகூட எனக்கு ஊசியில நூல் கோத்துக் குடுத்தாரு. ஒரே தடவையில கோத்தாரு."

"அப்புறம் எதுக்குக் கியூவோட பிடியில நூல் சுத்திக்கிட்டு வந்திருக்காரு?"

"அதை அவர்கிட்ட கேளு. குச்சி உங்க பாடு, வெங்காயம் என் பாடு."

அவன் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. பஸ் பணிமனையின் ஓய்வறையில், கியூ என்கிற குச்சியால் பந்தைக் குழியில் தள்ளி ஆடும் பூல் மேஜை ஒன்று உண்டு. அக்கா புருஷன் பிரேக் பிரிவு மேஸ்திரி. பூல் அணிக்குக் கேப்டன். மச்சினனான இந்தத் தம்பி அங்கேயே எலெக்ட்ரீஷியன். அதே அணியில் ஆடுபவன்.

வேர்வையை உறிஞ்சட்டும் என்று மற்ற அணிக்காரர்கள் கியூவின் பிடியில் நூல் சுற்றுவார்கள், தோல் ஒட்டுவார்கள். பணிமனைக்காரர்கள் பிடிப்பது வெறும் மரம். "நூல் சுத்திக்கிட்டு ஆடறது, செருப்பு போட்டுக்கிட்டுக் குளிக்கிற மாதிரி" என்று கேப்டன் எப்போதோ சொன்னது அங்கே சட்டமாகிவிட்டது. அணிக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அந்தச் சட்டத்தை ஓதுவது மச்சினன்தான். கடைசியாக அதைக் கேட்டவன் டயர் பிரிவில் இருக்கும் மலை. ஆள் பஸ்ஸையே தோளில் தூக்கிவிடுவான் போலிருப்பான். அதனால் அந்தப் பெயர்.

இப்போது சட்டம் போட்டவரே, தபால்காரர்களோடு இறுதிப் போட்டி நெருங்கும் சமயத்தில், பிடியில் நூல் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறார்.

"என்ன மாமா, கியூவுக்கு அடிபட்டுடுச்சா? கட்டுப் போட்டிருக்கு?"

"வயசாகுதுல்ல, மாப்ள. கை வேர்க்குது."

"கேப்டன், அடுத்து கையுறையா?" என்றார் அணியிலிருந்த பெயிண்டர்.

"வாங்கிக் குடு, போட்டுக்கறேன்."

இரண்டு நாள் கழித்து மலையும் நூல் சுற்றிக்கொண்டு வந்தான்.

"தொத்து வியாதி" என்று முணுமுணுத்தான் மச்சினன். கேப்டனைக் கிண்டல் செய்தே எல்லாருக்கும் வாய் வலித்திருந்தது. மலையை யாரும் கண்டுகொள்ளவில்லை.

இறுதிப் போட்டியில் கேப்டன் இதுவரை தோற்றதில்லை. அன்று தோற்றார். காலமெல்லாம் மரத்தில் வழுக்கிப் பழகிய கை, நூலில் ஒட்டி ஒட்டி நின்றது. தூங்குகிறவன்கூடத் தள்ளிவிடக்கூடிய ஒரு பந்து, குழியின் உதட்டில் முட்டி நின்றுவிட்டது.

"என்ன கேப்டன், செருப்போட குளிக்க வந்துட்டீங்களா?" என்றான் தபால்காரன் ஒருவன்.

மச்சினனுக்குக் காது வரை சுட்டது. அவரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"மாமா, உங்க மச்சினன்னு சொல்லிக்கிட்டுத்தான் நான் இந்தப் பணிமனையில நெஞ்சை நிமித்தி நடக்கறேன். இன்னிக்கு ஒரு நாளாவது அந்த நூலைப் பிரிச்சிட்டு ஆடியிருக்கக் கூடாதா? பல வருஷத்துப் பேரு, ஒரு கண்டு நூலுக்கா போகணும்?"

"பேரு எங்க போகப்போகுது, மாப்ள? உள்ள வா. மலை ஆடப்போறான்."

இரண்டுக்கு இரண்டு என்று சமமாக நின்றது. கடைசி ஆட்டம் மலைக்கு. பயிற்சியில் நேர்ப் பந்தையே கோணலாக அடிக்கிறவன். மச்சினன் பாதிக் கண்ணை மூடிக்கொண்டான்.

மலையின் கையில் கியூ தண்டவாளத்தில் போவது போலப் போய் வந்தது. ஒவ்வொரு பந்தாக இறங்கியது. கடைசியில் கறுப்புப் பந்து சத்தமில்லாமல் மூலைக் குழிக்குள் விழுந்தது.

ஓய்வறை அதிர்ந்தது. கேப்டன் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். சற்று முன் தோற்றவர் முகமாக அது இல்லை. மகள் கல்யாணத்தை நல்லபடியாக முடித்த அப்பன் முகமாக இருந்தது.

மச்சினன் ஓடிப்போய் மலையின் கையைப் பிடித்துக் குலுக்கினான். வாளியிலிருந்து அப்போதுதான் எடுத்தது போலச் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது கை. மலை சட்டென்று அதை இழுத்துப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்துச் சிரித்தான்.

கூட்டம் கலைந்தது. கேப்டன் கியூவைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"கோப்பைதான் வந்துடுச்சே, மாமா. இனியாவது அந்த நூலைப் பிரிச்சுப் போடுங்க. அடுத்த வருஷம் அவனுங்களை வெறும் மரத்தாலயே அடிக்கணும் நீங்க."

"எனக்கும் ஆசைதான். நூல்ல ஆடறது எனக்குச் சுத்தமா வரல."

"அப்புறம் என்ன? குடுங்க, நானே பிரிக்கறேன்."

கேப்டன் உறையின் வாயை மூடினார்.

"நான் பிரிச்சுட்டா, நம்ம அணியில நூல் சுத்தினவன் அவன் ஒருத்தன்தான் இருப்பான், மாப்ள. அப்ப அவனை நீ சும்மா விடுவியா?"