மோட்டார் தள்ளிய மாப்பிள்ளை

“மோட்டார் செத்து ரொம்ப நாளாச்சு. இப்ப இது வெறும் சைக்கிள்தாங்க.”

பொங்கல் விளையாட்டுக் கமிட்டித் தலைவர் செல்லமுத்துவிடம் நிலவழகன் கூசாமல் பொய் சொன்னான். முந்தின நாள்தான் அந்த மோட்டாருக்கு உயிர் வந்திருந்தது.

“வேற சைக்கிள் எடுத்துக்கங்களேன் மாப்பிள்ளை?”

“இதுதாங்க காலுக்குப் பழகுன வண்டி.”

கட்டுமாவடி அவனுடைய மாமியார் ஊர். மனைவி அழகியின் அண்ணன் செந்தமிழன் கடலுக்குப் போகிறவன். பொங்கல் சைக்கிள் ரேஸில் ஆட்டுக்கிடா வருஷா வருஷம் அவனுக்குத்தான்.

போன பொங்கலுக்குச் சாப்பாட்டுப் பந்தியில், “எங்க மாப்ளைக்கு ஆபீஸ் நாற்காலியில உக்காந்து உக்காந்து, காலுன்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துபோச்சு” என்று ஒரு போடு போட்டான். பந்தியே சிரித்தது. அழகியும் சிரித்தாள். அதைத்தான் நிலவழகனால் தாங்க முடியவில்லை. இந்த வருஷம் எப்படியாவது ஜெயித்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டான்.

கைவசம் இருந்தது, யாரோ ஓட்டித் தேய்த்து விற்ற பழைய பேட்டரி சைக்கிள். நாம் பெடலை மிதித்தால் மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ள வேண்டும். ஆனால் அதற்கு மனசு வந்தால் தள்ளும். இல்லையென்றால் பாதி வழியில் முரண்டு பிடிக்கும்.

கடைத்தெரு மெக்கானிக் ஜஸ்டின் அதைப் பிரித்துப் பார்த்தான்.

“உப்புக் காத்துல பிளக் பூராவும் பச்சை பூத்துக் கெடக்குண்ணே. அதான் கரண்டு விட்டு விட்டு வருது. சுரண்டி மாட்டிட்டேன், ஏறி மிதிங்க.”

மிதித்தான். வண்டி பாய்ந்தது!

“ஆஹா! அப்படிப் போடு!”

அவன் போட்ட கூச்சலில் எதிர் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. சட்டென்று குரலை அடக்கிக்கொண்டு, “ஜஸ்டின், யார்கிட்டயும் மூச்சு விட்றாதய்யா” என்றான்.

மறுநாள் விசில் ஊதியதும் சைக்கிள்கள் சீறிக் கிளம்பின. பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும்.

போகும்போது நிலவழகன்தான் கடைசி. ‘அட சனியனே, தள்ளேன்!’ என்று வண்டியைத் திட்டிக்கொண்டே மிதித்தான். பாலத்தில் திரும்பியபோது ஆத்திரம் தலைக்கேறியது. எழுந்து நின்று அழுத்தினான்.

வண்டி பறந்தது.

‘வந்துட்டான்டா என் மோட்டார்!’

முன்னால் போனவர்களை வரிசையாகத் தாண்டினான். செந்தமிழனின் முதுகு தெரிந்தது. அவனும் விடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். ரெண்டு சைக்கிளும் ஒட்டிக்கொண்டு வந்தன. ஊரே கத்தியது.

“மிதிங்க, மிதிங்க, விடாதீங்க!” அண்ணனை விட்டுவிட்டுப் புருஷனுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள் அழகிதான்.

ஒரு முழ வித்தியாசத்தில் நிலவழகன் முதலில் வந்தான்!

தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். செந்தமிழன் மூச்சு வாங்க வந்து அவனைக் கட்டிப்பிடித்தான். பிறகு மைக்கை வாங்கினான்.

“போன வருஷம் எங்க மாப்ளய நான் எளக்காரமாப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க மாப்ள. ஒங்க காலு என்னான்னு இன்னைக்குக் காட்டிட்டீங்க!”

நிலவழகனுக்கு முகம் சுண்டிப்போனது. இதற்கு அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அழகி வேறு கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அதற்குமேல் அவனால் முடியவில்லை, மைக்கைப் பிடுங்கினான்.

“கிடா எனக்கு வேணாங்க. நேத்துத்தான் மோட்டார ரிப்பேர் பண்ணினேன். நான் ஜெயிக்கல, மோட்டார்தான் ஜெயிச்சுது. என்னைய மன்னிச்சிருங்க.”



செல்லமுத்து கூட்டத்திலிருந்த ஜஸ்டினைக் கூப்பிட்டு வண்டியைச் சோதிக்கச் சொன்னார். ஜஸ்டின் பின் சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றினான். மோட்டாரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கைப்பிடியைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“அண்ணே, மோட்டார் ஓடவே இல்லண்ணே! ஓடவும் முடியாது. திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுன கயித்த, பிரேக்கோட சேத்து இழுத்துக் கட்டியிருக்காங்க. பிரேக் லேசா அமுங்குனாலே மோட்டாருக்குக் கரண்டு நின்னுரும். மிதிச்சது பூராவும் ஒங்க காலுதான்!”

நிலவழகன் தன் காலையே குனிந்து பார்த்தான்.

“யாருய்யா இதக் கட்டுனது?” என்றார் செல்லமுத்து.

“மச்சான்தான். காலையில கண்ணு பட்டுரும்னு சொல்லிக் கட்டிவிட்டாரு.”

ஜஸ்டின் செந்தமிழனை முறைத்தான். “நேத்துச் சாயங்காலம் கடைக்கு வந்து, மோட்டார எப்புடி நிறுத்துறதுன்னு நோண்டி நோண்டிக் கேட்டீங்களே, இதுக்குத்தானா?”

“அடப்பாவி! கிடா கைவிட்டுப் போயிரும்னு சொந்தத் தங்கச்சி புருஷன் வண்டியிலயே கைய வச்சுட்டானே!” என்று கூட்டம் கொதித்தது.

“ஏன் மச்சான் இப்புடிச் செஞ்சீங்க?” என்றான் நிலவழகன்.

செந்தமிழன் மைக்கை அணைத்தான். நிலவழகனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

“நேத்து நீங்க போட்ட கூச்சல் டீக்கடையில இருந்த எனக்கும் கேட்டுச்சு. கிடாதான் வேணும்னா கமிட்டியில ஒரு வார்த்த சொல்லியிருப்பேன் மாப்ள, ஒங்கள ரேஸுலேருந்தே தூக்கியிருப்பாங்க. எந்தங்கச்சி புருஷன் ஊருக்கு முன்னால திருட்டுப் பட்டம் வாங்கிரக் கூடாதேன்னுதான் கட்டுனேன்.”