வேறு பெயர்கள்

சுஜீதன் குசினி வாசலில் கைபேசியைக் காதோடு அழுத்தியபடி நிற்கிறான். அவன் புலம்பெயர்ந்து குடியேறிய டார்னெய்ட்டின் காலை வெயில் மேசையில் கிடக்கும் விண்ணப்பப் பிரதியில் விழுந்து கண்ணைக் கூசவைக்கிறது. நகருக்கு வெளியே வாங்கிய காணியில் நரி ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகிறது, அதைச் சுடத்தான் துவக்கு வைத்திருக்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தான். இருபத்தெட்டு நாளில் வருமென்று நினைத்த அனுமதிக்கு இது நாலாவது மாதம். மறுமுனையில் பொலிஸ் அலுவலகப் பெண் பொறுமையாக விளக்குகிறாள். 'வேறு பெயர்கள்' என்ற கட்டத்தில் அவன் எழுதியிருக்கும் பெயரைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லையாம். அது தன் அப்பாவின் பெயர் என்கிறான். அப்படியானால் அவர் இப்போது எங்கே என்று கேட்கிறாள். ஊரில் தன் பெயருக்கு முன்னால் எழுதிப் பழகியதை இங்கே எங்கே போடுவதென்று தெரியாமல் அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டான். இறந்துவிட்டார் என்றால் விசயம் முடிந்துவிடும். ஆனால், தொண்ணூற்றாறில் சோதனைச் சாவடியில் இராணுவம் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோன மனிதருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க அம்மா இன்றுவரை விடவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் மனைவி தாட்சாயினி குழாயைப் பூட்டாமலே திரும்பிப் பார்க்கிறாள்.

"என்னவாம்?"

அவன் கைபேசியை உள்ளங்கையால் பொத்துகிறான்.

"அப்பா எங்க எண்டு கேக்கினம். என்னத்தைச் சொல்ல?"