கிராணியார் நடத்திய கைத்தொழில் வகுப்பு

கூடைகளில் தொங்கிய விலைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டார் தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி சபாரத்தினம். மொத்தம் பன்னிரண்டு பிரம்புக் கூடைகள். அலோர் காஜா டவுனில் சீன முதலாளியான தவுக்கேயின் கடையில், ஒன்று ஒரு வெள்ளி வீதம், பேரம்கூடப் பேசாமல் முந்தின நாள் வாங்கி வந்தவை.

பேரம் பேச நேரமேது? தோட்டப் பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் கற்றுத் தேறும் பிள்ளை ஒன்றுக்கு ஆறு வெள்ளி மானியம் என்று சர்க்கார் அறிவித்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. பன்னிரண்டு பிள்ளைகளின் பெயரை எழுதிக் கொடுத்து, பிரம்பு வாங்கவென்று தோட்டத்துத் துரையிடம் நாற்பது வெள்ளியும் வாங்கியிருந்தார் கிராணியார். அந்த நாற்பதும் இப்போது அவர் மேல் அல்பாக்கா கோட்டாகப் பளபளத்தது.

வகுப்பு மட்டும் ஒரு நாளும் நடக்கவில்லை. நடந்ததாக வாத்தியார் ராமையா வாராவாரம் கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் அவருக்குச் சம்பளம் நின்றுவிடும்.

இன்றைக்குச் சர்க்கார் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார். குட்டு வெளிப்பட்டால் கோட்டோடு வேலையும் போய்விடும்.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியபோதுதான் கிராணியார் கவனித்தார். பன்னிரண்டு பேர் விரல்களிலும் கந்தல் துணிக் கட்டு. கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர், சொறிதான் பரவிவிட்டது என்று இரண்டடி பின்னால் போனார்.

"சொறிக் கையைப் பின்னாலை கட்டுங்கோ. இன்ஸ்பெக்டர் துரை என்ன கேட்டாலும், கிராணி ஐயா படிப்பிச்சவர் எண்டு மட்டும் சொல்லுங்கோ. விளங்கிச்சோ?"

இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர், தமிழில் பரீட்சை எழுதித் தேறியவர். கைத்தொழிலின் மகிமையைப் பற்றிக் கிராணியார் கால் மணி நேரம் இங்கிலீஷில் பொழிந்ததைக் காதில் வாங்காமல், ஒரு கூடையை எடுத்து இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"கைகளைக் காட்டுங்கள்," என்றார், அச்சடித்தாற்போன்ற தமிழில்.

கிராணியாருக்குக் குப்பென்று வியர்த்தது. இன்ஸ்பெக்டர் வரிசையில் முதலாவதாக நின்ற ஜெயமணி என்ற சிறுமியின் விரல் கட்டை அவிழ்த்து வெகுநேரம் பார்த்தார். தாமே மறுபடி கட்டியும் விட்டார். பன்னிரண்டு பெயருக்கு நேராகவும் 'தேர்ச்சி' என்று எழுதினார். விடைபெறும்போது கிராணியார் கையைக் குலுக்கியவர், ஏனோ அதையும் ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

மோட்டார் வண்டி செம்மண் ரோட்டில் மறைந்ததும்தான் கிராணியாருக்கு மூச்சே வந்தது. ஒரு வெள்ளைக்காரனை ஏய்ப்பது இவ்வளவுதானா? வந்த உற்சாகத்தில் அவருக்குத் தாராளமும் வந்தது. ஆளுக்கொரு கூடையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார். கூடவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அலோர் காஜாக் கடையிலை வாங்கின கதை மட்டும் வெளியிலை போகக் கூடாது."

தோட்டக் கூலி மாயாண்டி மகள் ஜெயமணிக்கு வயது பன்னிரண்டு இருக்கும். ஒரு கூடையை எடுத்துக் கவிழ்த்து, அடி முடிச்சைக் கட்டுப் போட்ட விரலால் தடவினாள். பக்கத்தில் நின்றவளிடமும் காட்டினாள். இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"வெளிய சொல்ல மாட்டோம், ஐயா," என்றாள் ஜெயமணி. "ஆனா, லயத்துல நாங்க பத்துக் காசுக்குப் பின்னிப் போட்ட கூடைய, அந்தத் தவுக்கே உங்ககிட்ட என்ன விலைக்கு வித்தான்?"