மஞ்சளாகவே நிற்கிறது

ஆராய்ச்சிக்காரி ஜன்னல் வெளிச்சத்தில் சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடிக்கிறாள். பற்களைப் பழுப்பாக்கும் ஃபுளோரைடு பட்டால் நீலமாகும் சாயம், ஆறு வருடமாக அவள் உருவாக்கியது. அக்காள் கணவர் கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீரைச் சொட்டுகிறாள். மஞ்சள் அசையவில்லை. "மாறல பாத்தியா? உங்கக்காதான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தா," என்று சிரித்தபடி, பாட்டிலில் இருந்த மீதித் தண்ணீரைக் கூட வந்த மகளிடம் நீட்டுகிறார். புதிதாய் முளைத்த முன்பற்களின் பழுப்பு தெரியச் சிறுமி பாட்டிலை வாங்குகிறாள். ஆராய்ச்சிக்காரி அந்தப் பற்களையே பார்க்கிறாள். துளித் தண்ணீரும் இல்லாத கரைப்பானில் பளிச்சென்று நிறம் மாறிய சாயம்தான் இது. தண்ணீர் கலந்தால் ஃபுளோரைடைத் தண்ணீரே இறுகப் பிடித்துக்கொள்கிறது, சாயத்துக்கு விட்டுக்கொடுப்பதில்லை. "குடிக்க விடாதீங்க மாமா. தண்ணி நல்லதுன்னு அர்த்தமில்ல. என் சாயத்துக்குத் தண்ணியில கண்ணு தெரியாது." அவர் மகளின் கையிலிருந்து பாட்டிலை மெல்ல வாங்கிக்கொள்கிறார். "தண்ணியைப் பாக்கத்தானேம்மா இதைச் செஞ்சே?" அவள் மஞ்சள் குழாயை ஜன்னலோரம் வைக்கிறாள். "தாகமா இருக்குப்பா," என்கிறாள் சிறுமி.