நாலு அங்குலம்

பொம்மை ரயில்காரர் ஒருவரின் பலகையில் தெர்மாகோல் மலையும் தண்டவாளமும் இடத்துக்காகச் சண்டை போட்டன. மறுநாள் பல வீட்டுப் பலகைகளை வரிசையாகச் சேர்த்து ரயில் ஓட்டப்போகிறார்கள்.

"நான் ஓரத்தில்தான் நிற்பேன். அங்கேதான் எடுபடுவேன். நீ பின்பக்கமாக வளைந்து போ" என்றது மலை.

"நடுவில் எப்படி வேண்டுமானாலும் வளைகிறேன். ஓரத்தில் மட்டும் முன்விளிம்பிலிருந்து நாலு அங்குலத்தில்தான் முடிவேன். எல்லாப் பலகைக்கும் அதுதான் அளவு."

"முகம் தெரியாத பலகைக்காக நான் ஏன் நகரணும்?"

தண்டவாளம் நாலு அங்குலத்திலேயே, மலையை முட்டிக்கொண்டு படுத்துவிட்டது.

மறுநாள் பக்கத்துப் பலகை வந்து சேர்ந்தது. அதன் தண்டவாளமும் நாலு அங்குலத்தில் மலையில் முட்டியது. எட்டுப் பெட்டிகளோடு வந்த சிவப்பு எஞ்சின் நின்றுபோனது. பார்க்க வந்த கூட்டம் முழுவதும் மலையையே முறைத்தது.

"சரி, குடைந்துகொள்" என்றது மலை, மெதுவாக.

ரயில்காரரின் கத்தி குடைந்தது. ரயில் உள்ளே நுழைந்து மறைந்தது. எப்போது வெளியே வரும் என்று எல்லாரும் மலையருகே குனிந்து காத்திருந்தார்கள்.

"ஓரத்தில்தான் எடுபடுவேன் என்று அப்போதே சொன்னேனே" என்றது மலை.

தண்டவாளத்தில் அடுத்த வண்டி வந்துகொண்டிருந்தது.