மூன்றாம் முறை சுட்ட மரு

பதுளையில் ஒரு தோல் டாக்டரின் பின்னறை. லேசர் இயந்திரம் இரைகிறது. ஜன்னலைத் திறந்து வைத்தும் தோல் கருகும் நாற்றம் போகவில்லை. அமராவதி கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வலது கையை மேசையில் நீட்டியிருக்கிறாள். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா என்கிற குழந்தைக் காப்பகத்தைப் பார்க்கிறவள் அவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பதினோரு வருடமாகத் தூக்கிய கை அது. விரல்களில் மரு முளைத்ததிலிருந்து ஒருத்தியும் அவளிடம் பிள்ளையைக் கொடுப்பதில்லை. கூட்டிப் பெருக்குவதோடு சரி. இரண்டு முறை சுட்டும் அதே இடத்தில் மறுபடி வந்துவிட்டது. விறைப்பு ஊசி போட்டிருப்பதால் வலி தெரியவில்லை. சிவப்பு ஒளிப்பொட்டு விரலில் நகர, மெல்லிய புகை எழுகிறது. "தொத்தாதுன்னு ஒரு துண்டு எழுதிக் குடுங்க ஐயா. காட்டுனா நம்புவாங்க" என்கிறாள். டாக்டர் பரமலிங்கம் தலை நிமிராமல், "தொத்தும் அம்மா. இல்லையெண்டு எப்பிடி எழுதுறது?" என்கிறார். கட்டுப்போட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்கிறார்.

வெளிச்சத்துக்குக் கண் பழகியதும் அவள் பார்வை மடியிலிருக்கும் இடது கையில் விழுகிறது. பெருவிரல் நகத்தோரம் கடுகளவில், சொரசொரவென்று, புதிதாக ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கையையும் மேசையில் வைக்கிறாள்.

"இதையும் சுட்டுருங்க."

"அதுக்கும் ஊசி போடவேணும். இண்டைக்கு இது காணும். அடுத்த மாதம் வாங்கோ."

"ஊசி வேணாங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொள்கிறாள். டாக்டர் இயந்திரத்தை நிறுத்துகிறார். அவள் கையை எடுக்கவில்லை.