ஒரு வார லீவு

இரட்டை ஷிப்ட் பார்த்துப் பார்த்து, தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் இருந்தவளுக்கு நின்றபடியே தூங்குவது கைவந்திருந்தது. ஒருநாள் டீயில் உப்பைப் போட்டாள். குடித்து முடித்தும் உறைக்கவில்லை. தேய்க்கும்போது கண்ணயர்ந்து ஒரு படுக்கை விரிப்பைக் கருக்கிய பிறகுதான் மேலாளர் அவளை டாக்டரிடம் அனுப்பினார்.

“மாத்திரை வேண்டாம்மா. ஒரு வாரம் லீவு போடுங்க. ஜன்னலைச் சாத்திட்டு தினமும் ஒரே நேரத்துக்குப் படுங்க. விட்டுப்போனதெல்லாம் தானா திரும்பி வரும்,” என்றார் டாக்டர்.

அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். மூன்றாம் நாள் மாலை, தலைமாட்டில் போன் அடித்தது. அவளோடு எதிரெதிரே நின்று விரிப்பு மடிக்கும் பெண் பேசினாள்.

“அக்கா, சாப்பாட்டுப் பையை இங்கயே விட்டுட்டுப் போயிட்டீங்க.”

“நான் லீவுல இருக்கேன்டி.”

“நல்லாருக்கு போங்க! மூணு நாளா என் எதிர்லதானே நிக்கிறீங்க? ஒரு விரிப்புகூடக் கோணலா மடிக்கலை. வாயைத்தான் தொறக்கலை. வீடு போய்ச் சேர்ந்தீங்களா?”

வாசல் பூட்டில் சாவி திரும்பியது. யாரோ செருப்பைக் கழற்றி, உடை மாற்றி, ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டது. இருட்டில் கட்டிலின் மறுபக்கம் அமிழ்ந்தது. சோப்பு வாடை அடித்தது.

“கொஞ்சம் தள்ளிப் படு.”

அவளுடைய குரலேதான். தள்ளிப் படுத்தாள்.

“வந்தாச்சு,” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பக்கத்தில் குறட்டை கிளம்பியது. பாவம், தூங்கட்டும் என்று ஓசைப்படாமல் எழுந்தாள். இரவு ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. ஆணியில் கிடந்த சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அதில் உடம்புச் சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை.